பிரம்மாண்டம் என்று எழுதும் முன்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் இளைய நண்பர்களுக்கு,



சென்ற மாதம் ஒரு நாவலின் மொழிபெயர்ப்பு, மெய்ப்புப் பார்க்க என் மேசைக்கு வந்தது. முந்நூறு பக்கத்துக்கு மேல். மொழிபெயர்த்தவர் உங்களில் ஒருவர், நல்ல உழைப்பாளி. தொடர்கள் ஓடுகின்றன, பேச்சுமொழி பேச்சாகவே இருக்கிறது. ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்து கண்ணில் உறுத்தியது. எண்ணிப் பார்த்தேன். பதினோரு இடங்களில் "பிரம்மாண்டமான". மூல நூலை எடுத்து வைத்து ஒப்பிட்டேன். பதினோரு இடத்திலும் அங்கே இருப்பது ஒரே சொல்: மக்னிஃபிசென்ட்.

பிரம்மாண்டமான மாளிகை, சரி. பிரம்மாண்டமான மலைக்காட்சி, போகட்டும். பிரம்மாண்டமான குதிரை என்று வந்தபோது பென்சிலை எடுத்தேன். நூற்று நாற்பதாம் பக்கத்தில் "பிரம்மாண்டமான கிழவி" என்று இருந்தது. அங்கே பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். நாவலில் அந்தக் கிழவி நோஞ்சான். கன்னம் ஒட்டி, முதுகு வளைந்து, விறகுக் குச்சி போலக் கையும் காலும். விளைச்சல் பொய்த்த ஆண்டில் தன் களஞ்சியத்தைப் பூட்டாமல் விட்டவள். அவளை ஊரே வாய் நிறையப் புகழும் இடத்தில்தான் அந்தச் சொல் வருகிறது. தமிழில் அவள் மலைபோல் பருத்து நிற்கிறாள்.

இது அந்த ஒருவரின் பிழை என்று நினைத்து இந்த மடலை எழுதவில்லை. எனக்கு வரும் பத்துப் பிரதிகளில் எட்டில் இதே கதைதான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நானும் இதையே செய்திருக்கிறேன். அந்தச் சொல் நம் கைக்கு அவ்வளவு பக்கத்தில் கிடக்கிறது. பிரம்மாண்டம் என்றால் பிரம்மனின் அண்டம், பிரம்மனின் முட்டை. உலகம் முழுவதும் அதற்குள் அடங்கும். பதினெண் புராணங்களில் ஒன்றுக்கு அதுவே பெயர். 1948-இல் வந்த "சந்திரலேகா" படத்தைப் பற்றிப் பேசுகிறவர் எவரானாலும் அதன் முரசு நடனத்தைச் சொல்ல இந்தச் சொல்லைத்தான் எடுப்பார். பிறகு அது ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்கு வந்தது, மாநாட்டுப் பந்தலுக்கு வந்தது, ஆடித் தள்ளுபடிக்கும் வந்தது. நல்ல சொல்தான். ஆனால் அதற்கு அளவு மட்டும்தான் தெரியும். நீளம், அகலம், உயரம். மக்னிஃபிசென்ட் என்ற சொல்லின் உயிர் அளவில் இல்லை. அதைத்தான் உங்களிடம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

லத்தீனில் மாக்னுஸ் என்றால் பெரிய. ஃபாக்கெரே என்றால் செய்தல். இரண்டும் சேரும்போது உயிர் ஒலி இளைத்து "ஃபாக்" என்பது "ஃபிக்" ஆகும். மாக்னிஃபிக்குஸ்: பெரிதாகச் செய்கிறவன். இந்தப் பெயரடை "இன்னும் கூடுதலாக" என்ற ஒப்பீட்டு வடிவத்துக்குப் போகும்போது, இலக்கண ஒழுங்கை மீறி மாக்னிஃபிகெந்தியோர் என்று மாறும். அந்த மாறிய வடிவத்தின் அடியிலிருந்தே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு "-சென்ட்" வந்து சேர்ந்தது. ஆக, சொல்லின் வால் எப்படி நீண்டாலும் நடுவில் இருப்பது ஒரு வினை. செய்தல் என்ற வினை. அதே "ஃபிக்" சர்டிஃபிகேட்டிலும் உண்டு. உறுதி செய்வது அது. ஆபீஸ் என்ற சொல்லும் வேலை, செய்தல் என்ற இரண்டும் சேர்ந்த பழைய லத்தீன் கூட்டுச்சொல்தான். நாம் தினமும் வாயில் போட்டு மெல்லும் சொற்கள் இவை.

முதல் பாதியான மாக்னுஸுக்கோ சுற்றம் பெரிது. மேயர், மேஜர், மாஜிஸ்திரேட், மாஸ்டர் எல்லாம் அதன் பிள்ளைகள். மாஸ்டரின் போர்த்துகீசிய உருவம் மெஸ்த்ரெ. அது கடல் வழியாக நம் கரைக்கு வந்து மேஸ்திரி ஆயிற்று. கரணையைக் கையில் பிடித்து, நூல் கட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டுச் சுவரின் நேர் பார்க்கிற நம் தெரு மேஸ்திரிக்கும் இந்த ஆங்கிலப் பெயரடைக்கும் ஒரே பாட்டன். சொல்லின் இரு பாதிகளும் அதில் சேர்ந்தே நிற்பதாக எனக்குத் தோன்றும்: பெரியவர் என்ற பட்டம், செய்கிற கை.

இன்னும் மேலே போனால் மாக்னுஸும், கிரேக்க மெகாவும், வடமொழி மகாவும், ஆங்கிலத்தின் மச் என்ற எளிய சொல்லும் ஒரே வேர். ஃபாக்கெரேயும், ஆங்கில டூவும், வடமொழியில் "வை, இடு" என்று பொருள்படும் தா என்ற வினையும் ஒரே வேர். நம் "நிதி" அந்தத் தாவிலிருந்து வந்தது. கீழே வைத்தது, சேமித்து வைத்தது என்று பொருள். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பிறகு இதற்கு வருகிறேன். (ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் பெரிய என்பதற்கு மிக்கிள் என்ற சொல் உண்டு. நம் "மிக்க" அதன் உறவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிக்க என்பது மிகு என்ற தமிழ் வேரில் பிறந்தது. ஒலி ஒத்திருப்பது தற்செயல்.)

ரோமாபுரியில் பாந்தியன் என்ற கோயில் இருக்கிறது. ஏறத்தாழ 43 மீட்டர் விட்டமுள்ள அதன் கான்கிரீட் குவிமாடம் கிட்டத்தட்ட 1900 ஆண்டுகளாக நிற்கிறது. உச்சியில் ஒரு வட்டத் திறப்பு. மழை பெய்தால் தண்ணீர் நேராகத் தரையில் விழுந்து, அங்குள்ள துளைகளின் வழியே வடிந்துவிடும். பார்க்கிறவர்கள் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார்கள். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது வாசல் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் ஒற்றை வரியை. லூசியஸின் மகன், மூன்றாம் முறை கான்சலான மார்க்கஸ் அக்ரிப்பா என்று சொல்லிக்கொண்டே வந்து, தமிழ் வாக்கியத்தைப் போலவே வினையில் முடிகிறது: ஃபெகித். செய்தான். மாக்னிஃபிக்குஸின் உள்ளே இருக்கும் அதே வினைதான் இங்கே கல்லில் நிற்கிறது. இதில் இன்னொரு செய்தியும் உண்டு. இப்போதிருக்கும் கட்டடத்தை எழுப்பியவன் ஹாட்ரியன் என்ற பேரரசன். கிபி 126 வாக்கில் முடித்தான். அக்ரிப்பா கட்டியது அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியது, அது அழிந்துபோயிற்று. புதிதாகக் கட்டியவன் தன் பெயரை எழுதிக்கொள்ளாமல் முதலில் செய்தவனின் பெயரையே பொறித்துவிட்டான்.

தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் இந்த வினை "எடுப்பிச்ச" என்று வருகிறது. தான் எடுப்பிச்ச கற்றளி என்று தொடங்கும் ராஜராஜன், தான் கொடுத்ததை மட்டும் வெட்டச் சொல்லவில்லை. தன் அக்கன் கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றும் கொடுத்தவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் விமானத்துக் கல்லில் வெட்டச் சொன்னான். அந்தக் கோயிலை நாம் பிரம்மாண்டம் என்கிறோம். அது உண்மையும்கூட. ஆனால் கல்வெட்டு கவலைப்பட்டது யார் செய்தார், யார் கொடுத்தார் என்பதைப் பற்றி.

இப்போது கிரேக்கத்துக்கு. லத்தீனில் மாக்னிஃபிகெந்தியா என்று பெயர்த்த குணத்துக்குக் கிரேக்கத்தில் மெகலோப்ரெபெய்யா என்று பெயர். மெகா என்றால் பெரு. ப்ரெபெய்ன் என்றால் தகுதல், பொருந்துதல். அப்படியே தமிழில் வைத்தால் என்ன வருகிறது பாருங்கள்: பெருந்தகைமை. நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற, மனிதரைக் குறிக்கிற, யாரும் இப்போது எடுத்துப் புழங்காத சொல். எனக்கு இது முதன்முதலில் பிடிபட்ட நாளில் எழுந்து அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன்.

அரிஸ்டாட்டில் "நிகோமாக்கிய அறவியல்" நான்காம் நூலில் இரண்டு குணங்களை அடுத்தடுத்து வைக்கிறார். முதலாவது ஈகை: கையிலிருப்பதை உரியவருக்கு உரிய அளவில் கொடுப்பது. இரண்டாவது இந்தப் பெருந்தகைமை: பெரிய செலவைப் பொதுக்காரியத்துக்கு, அந்தக் காரியத்துக்குத் தகுந்தபடி செய்வது. தெய்வத்துக்கான காணிக்கை, போர்க்கப்பலைப் பராமரிப்பது, நாடகப் பாடற்குழுவுக்குப் பணம் தருவது, ஊருக்கு விருந்து. ஏதென்ஸில் வசதி படைத்தவர்கள் முறைவைத்து இவற்றில் பலவற்றைச் செய்தாக வேண்டியிருந்தது. கிமு 472-இல் ஐஸ்கிலஸின் "பாரசீகர்" நாடகம் அரங்கேறியபோது பாடற்குழுவின் செலவை ஏற்றவர் இளைஞராக இருந்த பெரிக்ளீஸ். இந்த ஊர்ப்பணிக்கு லெய்தூர்கியா என்று பெயர். அதுதான் பின்னாளில் தேவாலய வழிபாட்டைக் குறிக்கும் லிட்டர்ஜி ஆயிற்று.

தகாத செலவைப் பற்றியும் அவர் எழுதுகிறார். ஒரு சாதாரண நகைச்சுவை நாடகத்துக்குப் பாடற்குழுவை ஊதாச் சாயம் தோய்ந்த விலையுயர்ந்த உடையில் மேடையேற்றுகிறவன், நாலு கூட்டாளிகளுக்குப் போடும் சாப்பாட்டைக் கல்யாண விருந்து போல நடத்துகிறவன், இவர்கள் பணம் இருப்பதைக் காட்டிக்கொள்கிறவர்கள். பெருந்தகையர் ஆகார் என்கிறார். அதேசமயம் ஒரு குழந்தைக்குக் கொடுக்கும் அழகான பந்து, விலை அற்பமானாலும், குழந்தைக்கான பரிசு என்ற வகையில் அது மெகலோப்ரெபெஸ்தான் என்றும் சொல்கிறார். எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். ஒரு பந்து. உள்ளங்கையில் அடங்கும். அதைப் பிரம்மாண்டம் என்று எப்படிப் பெயர்ப்பீர்கள்?

வள்ளுவர் பக்கம் திரும்புங்கள். ஒப்புரவறிதல் 22-ஆம் அதிகாரம், ஈகை 23-ஆம் அதிகாரம். இரண்டும் கொடுப்பதைப் பற்றித்தானே, எதற்கு இரண்டு அதிகாரம் என்று பள்ளியில் நான் கேட்டிருக்கிறேன். ஈகை என்பது இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு ஊருக்குச் செய்வது. அங்கே வரும் உவமைகள் தண்ணீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எந்த உறுப்பும் மருந்தாகும் மரம். ஒருவருக்கொருவர் அறிந்திருக்க வழியில்லாத இரண்டு மனங்கள், வேறு வேறு கடலோரத்தில், இந்த இரு குணங்களையும் பிரித்தும் பக்கத்தில் வைத்தும் எழுதியிருக்கின்றன. ஒரு வேறுபாடும் உண்டு, அது சிறியதன்று. ஏழைக்குப் பெருந்தகைமை கூடாது, கையில் இல்லாதவன் அதற்கு முயல்வது மடமை என்கிறார் அரிஸ்டாட்டில். வள்ளுவரோ வளம் குன்றிய காலத்திலும் ஒப்புரவுக்குத் தளரமாட்டார்கள் என்று ஒரு கூட்டத்தாரைச் சொல்கிறார். நாவலில் வரும் அந்தக் கிழவி வள்ளுவரின் ஆள்.

கிறிஸ்தவ ஐரோப்பா இந்தச் சொல்லை வேறு இடத்தில் வைத்தது. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதைத் துணிவின் ஒரு பகுதி ஆக்கினார். பெரிய காரியத்தைத் தொட மனத்திடம் வேண்டும், பெரும் பணத்தைக் கையைவிட்டு விடவும் மனத்திடம் வேண்டும். அடுத்த நூற்றாண்டில் சாசர் தன் "கேன்டர்பரி கதைகள்" நூலின் கடைசியில் பாதிரியாரைப் பேசவிடுகிறார். அங்கே மக்னிஃபிசன்ஸ் எந்தப் பாவத்துக்கு மருந்தாக வருகிறது தெரியுமா? சோம்பலுக்கு. நற்செயலைப் பெரிதாகச் செய்து முடிப்பது என்று அதற்கு விளக்கமும் தருகிறார். ஆங்கிலத்தில் இந்தச் சொல் குடியேறிய தொடக்கக் காலத்தில் அதற்கு எதிர்ச்சொல் சிறிது என்பதாக இல்லை. சோம்பியிருத்தல் என்பதாக இருந்தது.

ஃபிளாரன்ஸ் நகரத்து லோரென்சோ தெ மெதிச்சியை (1449–1492) இல் மாக்னிஃபிகோ என்பார்கள். அரச பட்டம் இல்லாத பெரியவர்களை அழைக்க அந்நாளில் வழங்கிய மரியாதைச் சொல் அது. வரலாறு அவரோடு மட்டும் அதை ஒட்டவைத்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் இந்தச் சொல்லுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் அவர் பாட்டனார் கோசிமோ என்பது என் எண்ணம். நிக்கோலோ நிக்கோலி என்ற புத்தகப் பித்தர் கடனோடு இறந்தபோது, அந்தக் கடனைத் தீர்த்து, அவருடைய சுவடிகளை சான் மார்க்கோ மடத்தில் வைத்து, படிக்க விரும்புகிறவர்களுக்குத் திறந்துவிட்டவர் கோசிமோ. பொதுமக்களுக்கான நூலகம் என்ற எண்ணத்துக்கு ஐரோப்பாவில் கிடைத்த முதல் கூரைகளில் அது ஒன்று.

உதுமானியப் பேரரசர் சுலைமான் (ஆட்சி 1520–1566) ஆங்கில நூல்களில் மக்னிஃபிசென்ட் என்ற அடையோடுதான் வருவார். தூதர்கள் கண்ட அரண்மனையும் படையும் தலைப்பாகையும் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. அவருடைய சொந்த மக்கள் அவரை அப்படி அழைக்கவில்லை. அவர்களுக்கு அவர் கானூனி, சட்டம் தந்தவர். மொழிபெயர்க்கும்போது இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள். ஒரே மனிதர், வெளியிலிருந்து பார்க்கும்போது தோற்றம், உள்ளேயிருந்து பார்க்கும்போது செயல். அவர் பெயரில் இஸ்தான்புல்லில் நிற்கும் சுலைமானியே பள்ளிவாசல் 1550-இல் தொடங்கி 1557-இல் முடிந்தது. குவிமாடத்தைச் சுற்றிப் பாடசாலைகள், மருத்துவமனை, குளிப்பறைகள், ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் சோறாக்கிப் போட்ட பெரிய சமையற்கூடம். கட்டியவர் சினான், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்தப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர். சுல்தானின் கல்லறை பள்ளிவாசலுக்குப் பின்னால் மண்டபத்துக்குள் இருக்கிறது. சினானின் கல்லறை வளாகத்துக்கு வெளியே, மூலையில், தெருவை ஒட்டி, சின்னதாக.

இப்படி மனிதரின் குணமாக இருந்த சொல், பிற்பாடு மெல்ல மெல்ல அவர் செய்த பொருளுக்கு நகர்ந்தது. பொருளிலிருந்து அதன் தோற்றத்துக்கு. தோற்றத்திலிருந்து யாருமே செய்யாத மலைக்கும் அந்திவானத்துக்கும். சில இடங்களில் பழைய பொருள் தங்கியிருக்கிறது. நெதர்லாந்தில் பல்கலைக்கழகத் தலைவருக்கு இன்றும் ரெக்டர் மாக்னிஃபிக்குஸ் என்றே பட்டம். 1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் பிரிட்டிஷ் குதிரைப்படை பீரங்கி வாய்க்குள் நேராகப் பாய்ந்ததைப் பார்த்த பிரெஞ்சுத் தளபதி பொஸ்கே, இது மாக்னிஃபீக், ஆனால் இது போர் ஆகாது என்றார். அவர் அளவைச் சொல்லவில்லை. அந்த மனிதர்கள் செய்ததைச் சொன்னார், அது தகாத இடத்தில் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்தே சொன்னார். அரிஸ்டாட்டிலின் இரண்டு பாதியும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

மாக்னுஸும் மகாவும் ஒரு வேர் என்றேன். அப்படியானால் மகத்தான என்பதும் மகிமை என்பதும் இந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஒன்றுவிட்ட உறவுகள். லூக்கா நற்செய்தியில் மரியாள் பாடும் பாட்டுக்கு லத்தீனில் மாக்னிஃபிகாட் என்று பெயர். அதன் முதல் சொல் அது. ஆண்டவரைப் பெரிதாக்குகிறது என்று பொருள். நம் பழைய விவிலியத்தில் அந்த இடத்தில் "மகிமைப்படுத்து" என்று வருகிறது. வேரும் சரி, வினையும் சரி. அந்த மொழிபெயர்ப்பாளரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். (அதே வினை ஆங்கிலத்தில் மேக்னிஃபை ஆகி, கண்ணாடி வில்லைக்குப் போனது. நம்மவர்கள் அதற்கு வைத்த பூதக்கண்ணாடி என்ற பெயரை எந்த மொழிக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.)

மகிமை என்ற சொல் தெற்கே வணிகர் வாயில் மகமை ஆயிற்று. நான் விருதுநகர்க்காரி. அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கமிஷன் மண்டியிலிருந்து வரும் பட்டியலில் சரக்கின் விலை, தரகு, கூலி எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி இருக்கும்: மகமை. மிகச் சின்னத் தொகை. மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வியாபாரியும் ஒதுக்குவது. அது சேர்ந்து பள்ளிக்கூடம் ஆகும், கிணறு ஆகும், சாவடி ஆகும், கோயில் திருவிழா ஆகும். கோயிலுக்குள் விடாமல் தள்ளி நிறுத்தப்பட்ட ஒரு சமூகம் தன் கையை ஊன்றி எழுந்து நின்றது இந்தக் கடைசி வரியின் மேல்தான். ஊரில் அதை மகமை நிதி என்பார்கள். முன்னே நினைவில் வைக்கச் சொன்னேனே, அதை இப்போது எடுங்கள். மகமையில் இருப்பது மாக்னுஸின் வேர். நிதியில் இருப்பது ஃபாக்கெரேயின் வேர். மக்னிஃபிசென்ட் என்ற சொல்லின் இரண்டு பாதிகளும், பிரிந்து பல ஆயிரம் ஆண்டு கழித்து, விருதுநகர் பஜாரில் ஒரு மளிகைச் சீட்டின் அடியில் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. பொருளும் அப்படியே: பலருக்காகப் பெரிதாகச் செய்வது.

பாட்டி காலத்தில் பணம் புழங்காத வீடுகளும் இதில் சேர்ந்தன. பிடியரிசி என்று பெயர். என் பாட்டி அடுப்படியில் எப்படி நிற்பாள் என்று இன்றும் எனக்குக் கண்ணில் இருக்கிறது. உலை கொதித்துக்கொண்டிருக்கும். அரிசியைக் களைந்து போடுவதற்கு முன், சுளகிலிருந்து வலது கையால் ஒரு பிடி அள்ளி, சுவரோரம் இருந்த மண் கலயத்தில் போடுவாள். கை நிறைய அள்ளுவாள். விரல் இடுக்கில் சிந்துவதைச் சிந்தவிட்டுத் திரும்பக் குனிந்து பொறுக்கி அதையும் கலயத்திலேயே போடுவாள், சுளகில் போடமாட்டாள். வசூல் நின்றுபோன பிறகும் அவளுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. வாசலில் கேட்டு வருகிறவருக்கு அந்தக் கலயம் போயிற்று. அவள் சிறுமியாக இருந்தபோது வீடு வீடாகச் சேர்ந்த அந்த அரிசியை விற்ற பணத்தில்தான் எங்கள் ஊர் சத்திரிய வித்யாசாலா நடந்தது. காமராஜர் படித்தது அங்கே. ஏழைக்குப் பெருந்தகைமை கூடாது என்று எழுதிய அரிஸ்டாட்டிலை எனக்கு மிகவும் பிடிக்கும். அவரை அந்தக் கலயத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தவும் எனக்கு ஆசை.

எனவே நண்பர்களே, அடுத்த முறை இந்தச் சொல் எதிர்ப்பட்டால் அகராதியை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே செய்தவர் யார்? யாரும் இல்லையென்றால் உங்களுக்குச் சுதந்திரம் அதிகம். அந்த நாவலின் மலைக்காட்சியைக் "கண்கொள்ளாக் காட்சி" ஆக்கினேன். குதிரைக்கு "எடுப்பான" போதும். நீதிபதியின் குரலுக்குக் "கம்பீரமான" என்று எழுதினேன். வடமொழியில் கம்பீரம் என்றால் ஆழம், குரலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? உரையாடலில் தனியாக நின்ற ஒரு மக்னிஃபிசென்டுக்கு "அடடா!" தோற்றுப்போன ஒரு தலைவனைப் பற்றி வந்த இடத்தில் "வீறோடு தோற்றான்" என்று போட்டேன், அங்கே பெயரடையையே எடுத்துவிட்டு வினைக்குப் பக்கத்தில் பலத்தை வைத்தேன். மாளிகைக்குப் பிரம்மாண்டம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது உண்மையிலேயே பெரிய வீடு, கட்டியவனும் ஊருக்கு எதையும் செய்யாதவன்.

மிஞ்சியது நூற்று நாற்பதாம் பக்கம். பெருந்தகை என்று எழுதிப் பார்த்தேன். பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் சொல்கிறவள் ஒரு சலவைக்காரப் பெண், அவள் வாயில் அந்தச் சொல் நிற்கவில்லை. மாட்சி மிக்க என்பது கல்வெட்டு வாடை. இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே வைத்திருந்தேன். பாட்டியின் கலயத்திலிருந்து அரிசி வாங்கிக்கொண்டு படியிறங்குகிறவர்கள் அவளை என்ன சொல்லிப் போவார்கள் என்று மூன்றாம் நாள் நினைவு வந்தது. மகராசி. மகாவும் அதற்குள் இருக்கிறது, கொடுத்த கையும் அதற்குள் இருக்கிறது. அரசி என்பது சொல்லில் உண்டு, அவளிடம் இருந்ததோ ஒரு மண் கலயம்.

அந்நிய நாட்டுக் கிராமத்துக் கிழவியை மகராசி என்று சொல்லலாமா, அவள் மேல் நம் மண் அளவுக்கு மீறி ஒட்டிவிடுமா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதனால் மையில் எழுதவில்லை. "பிரம்மாண்டமான கிழவி" என்பதை மெல்லிய கோட்டால் அடித்து, ஓரத்தில் பென்சிலால் எழுதி, பிரதியை மொழிபெயர்த்தவருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்களிடம் இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். புத்தகம் அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பிரதிகளைத் திருத்தும் ஒருத்தி